இன்சுலினோடு சேர்த்துத் தர வேண்டிய கல்வி

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ளது நாட்றாம்பாளையம். ஒருபுறம், 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் காடு. மறுபுறம், ஓசூரின் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருவின் கட்டடப் பணிகளுக்கும் ஆட்களைக் கொண்டு செல்லும் பாதை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், பொழுது சாய்ந்தபின் யானைகள் கடக்கும் சாலையில் மருத்துவமனைக்குப் புறப்படுவது எளிதன்று. நள்ளிரவில் ஒரு குழந்தையின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிட்டால், மருத்துவர் வரும்வரை காத்திருக்க இயலாது. என்ன செய்ய வேண்டும் என்பதை அக்குழந்தையின் தாயோ பாட்டியோ அண்ணனோ முன்பே அறிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை அந்த அறிவைப் பற்றியது. அதை யார் கற்றுத் தருவது, எங்கே வைத்துத் தருவது, யாரோடு சேர்த்து அமர வைத்துத் தருவது என்பவை நோய் குறித்த கேள்விகளாக மட்டும் நில்லாமல் சாதி குறித்த கேள்விகளாகவும் ஆகின்றன.

இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்த அத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. பாராட்டத்தக்க முயற்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அது முதன்மையாக 45 வயதைக் கடந்தோரையும் நடமாட இயலாதோரையும் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பரிசோதனையும் 30 வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. ஒன்பது வயதில் நீரிழிவு வந்த குழந்தை இவ்விரு கணக்குகளுக்கும் வெளியே நிற்கிறது. அக்குழந்தைக்கு மாத்திரை பயன்படாது. ஊசி வேண்டும், அந்த ஊசியைக் கையாளத் தெரிந்த ஒரு குடும்பமும் வேண்டும்.

முதல் வகை நீரிழிவு எனப்படும் இந்நோயில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் கணையத்திலுள்ள பீட்டா செல்களையே தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றுபோகிறது. உண்ட உணவு சர்க்கரையாக இரத்தத்தில் தேங்கி நிற்க, உடலோ பட்டினி கிடந்து தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வருவதன்று. தாய் செய்த பாவத்தால் வருவதுமன்று. 1922 சனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் மாதக்கணக்கிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோயினர். கண்டுபிடித்தோர் அதன் காப்புரிமையைப் பெயரளவு விலையான ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,29,000 பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். எந்த நாட்டிலும் இல்லாத எண்ணிக்கை இது.

அரசமைப்புச் சட்ட வரைவுப் பணியில் மூழ்கியிருந்த நாட்களில் அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவால் துன்புற்றார். கால்களில் நரம்பு வலியும் உறக்கமின்மையும் வாட்ட, இன்சுலின் எடுத்துக்கொண்டுதான் அவர் பணியாற்றினார். அவருக்கு வந்தது நடுவயதில் வந்த நோய்; குழந்தைகளுக்கு வருவதோடு அதை ஒன்றாக்க முடியாது. ஆயினும் 1948இல் அவர் மணம் புரிந்த சவிதா ஒரு மருத்துவர் என்பதும், உணவையும் மருந்தையும் அன்றாடம் கவனித்துக்கொள்ள அறிவுள்ள ஒருவர் வீட்டிலேயே இருந்தார் என்பதும் இங்கே எண்ணத்தக்கவை. அந்த இடத்தை ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் யார் நிரப்புவது?

ஒரு குடும்பம் கற்க வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. குப்பியைப் பெற்றுக்கொண்டு வெளியே வரும் பெற்றோர் அன்றிரவிலிருந்து எடுக்க வேண்டிய முடிவுகளைக் கணக்கிட்டால், வேறெந்த நோயிலும் மருத்துவர் தம் பொறுப்பை இந்த அளவுக்கு வீட்டாரிடம் ஒப்படைப்பதில்லை என்பது விளங்கும். நாள்தோறும் பல முறை ஊசி. ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்பதை, குழந்தை என்ன உண்ணப்போகிறது, எவ்வளவு ஓடி விளையாடியது, இப்போது சர்க்கரை எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

சிரிஞ்சையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இன்சுலின் இரு செறிவுகளில் வருகிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தரப்படும் குப்பிகள் 40 யூனிட் செறிவுடையவை. அவற்றுக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் செறிவுக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஓசூரில் ஒரு மருந்துக்கடையில் 100 யூனிட் குப்பியை வாங்கி, வீட்டிலிருக்கும் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை ஏற்றினால், உடலுக்குள் போவது 10 யூனிட் அன்று, 25 யூனிட். குழந்தையின் உயிருக்கே உலை வைக்கக்கூடிய பிழை இது. இதைத் தவிர்க்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. இரண்டு சிரிஞ்சுகளையும் கையில் கொடுத்து, தண்ணீரை ஏற்றிப் பார்க்கச் சொல்லி, அரை மணி நேரம் பொறுமையாக உடனிருக்க ஒருவர் தேவை.

அடுத்தது தாழ்சர்க்கரை. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமற்ற கோபம் அல்லது மயக்கம் தோன்றும். உடனே ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே உதவி நாட வேண்டும். வகுப்பு வாத்தியார் 'மந்தமாக உட்கார்ந்திருக்கிறான்' என்று பிரம்பெடுக்கும் நிலையும் இதுவாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறானது, காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளின் விதி. குழந்தை எதுவும் சாப்பிடவில்லை, ஆகவே இன்று ஊசி வேண்டாம் என்று வீட்டார் முடிவெடுப்பது மிக இயல்பு. அந்த முடிவுதான் பல குழந்தைகளைக் கீட்டோன் நஞ்சாகும் நிலைக்குத் தள்ளுகிறது. நோயுற்ற நாளிலும் இன்சுலினை முற்றாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றலாம், சர்க்கரையை அடிக்கடி பார்க்கலாம், நீர் ஆகாரம் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், நிறுத்தக் கூடாது. இந்த ஒரு விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட பாட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுப் படுக்கை ஒன்றைக் காலியாக வைத்திருக்கிறார் எனலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் சற்றே தேறி, தேவைப்படும் ஊசியின் அளவு வெகுவாகக் குறைந்துவிடுவதுண்டு. சில மாதங்கள் நீடிக்கக்கூடிய தற்காலிக நிலை இது. இச்சமயத்தில்தான் நோய் போய்விட்டது என்ற நம்பிக்கை பிறக்கிறது. வேர்ப்பொடி விற்பவரும் நேர்த்திக்கடன் சொல்பவரும் அதன் பெருமையைத் தமக்கு எடுத்துக்கொள்கின்றனர். பிறகு ஊசி நிற்கிறது. முன்னரே 'இப்படி ஒரு காலம் வரும், ஏமாந்துவிடாதீர்கள்' என்று சொல்லிவைத்தால் ஏமாற மாட்டார்கள். மக்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று பழிப்பது எளிது. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது என்பது நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களின் முதற்கேள்வி. நீர் தெளித்து ஈரமாக வைத்த மண்பானைக்குள், நீர் படாமல் ஒரு டப்பாவில் வைக்கலாம். இந்தியப் பானை உட்படப் பல நாடுகளின் மரபான குளிர்விப்புக் கலங்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வொன்று, அவை உள்வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்று காட்டியது. கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை ஒத்த சூழலில், 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்தாலும் இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என 2021இல் மற்றோர் ஆய்வு வெளியானது. பானை நம் வீட்டுப் பொருள். வறுமையின் அடையாளம் என்று அதை மறைக்கத் தேவையில்லாத ஒரு வகுப்பு நடந்தால், இச்செய்தி அங்கே தானாகப் பரவும்.

ஏன் குழுவாக?

இவ்வளவையும் புறநோயாளிப் பிரிவின் வரிசையில், சில நிமிடங்களில், ஒரு மருத்துவர் ஒரு தாய்க்குக் கற்றுத் தர முடியாது. முடியும் என்று நடிப்பதன் பெயர்தான் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்ற குறிப்பு. எழுத்தறிவு குறைந்தவர்களுக்குக் கையேட்டைக் கொடுத்து அனுப்புவதும் அதே வகை.

1972இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார அரசு மருத்துவமனையில் பணியாற்றிய லியோனா மில்லர், தம் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். அங்கு வந்தோரில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களுக்கு நோயைப் பற்றிக் கற்பித்து, எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் ஐயம் கேட்க வழி செய்தபோது, மருத்துவமனையில் படுத்துக் கிடக்க நேர்ந்த நாட்கள் பெருமளவு குறைந்தன. அதையொட்டி ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரில் மிக்கேல் பெர்கரும் இங்கிரிட் மூல்ஹவுசரும் ஐந்து நாள் குழு வகுப்பொன்றை உருவாக்கினர். அதே பாடத்தை அவர்கள் ருமேனியாவின் புகாரெஸ்டு நகரிலும் நடத்திப் பார்த்தனர். 1987இல் வெளியான முடிவுகள், வசதி குறைந்த அந்நாட்டிலும் அது பயன் தந்ததைக் காட்டின. பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்று இதை ஒதுக்க முடியாதென்பதற்கு நமக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குழு செய்வதை அச்சிட்ட தாள் செய்வதில்லை. ஊசி என்றாலே அலறும் ஏழு வயதுக் குழந்தை, பதினான்கு வயது அக்கா ஒருத்தி பேசிக்கொண்டே தன் வயிற்றில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலடியில் கட்டி விழும், அங்கே போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது என்பதை, கட்டி விழுந்த ஒரு கையைத் தொட்டுப் பார்த்து இன்னொரு தாய் அறிகிறார். அதைவிட முக்கியமானது தனிமை நீங்குவது. 1990களின் முற்பகுதியில் சென்னையில் நடந்த கணக்கெடுப்பில், ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 10.5 பேருக்கு இந்நோய் புதிதாக வந்தது தெரிந்தது. மலையூராட்சி ஒன்றில் அப்படியொரு குழந்தை இருந்தால், அநேகமாக அது ஒன்று மட்டுமே இருக்கும். 'நமக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்விக்கு இன்னொரு குடும்பத்தைக் கண்ணால் காண்பதைத் தவிர வேறு விடையில்லை. ஆகவே குழு என்பது ஊர் அளவில் அமையாது. அஞ்செட்டியிலோ தேன்கனிக்கோட்டையிலோ, பல ஊராட்சிகளைச் சேர்த்துத்தான் அமையும்.

குழு வகுப்பை மந்திரக்கோலாகக் காட்டவும் நாம் விரும்பவில்லை. பிரிட்டனில் 28 சிகிச்சை மையங்களில், குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான குழுக் கல்வி சோதிக்கப்பட்டு 2014இல் முடிவுகள் வெளியாயின. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் ஈராண்டு கழித்தும் வேறுபாடு தெரியவில்லை. வந்த குடும்பங்கள் பயனைப் பாராட்டின. ஆனால் அழைக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களே ஒரு வகுப்புக்கேனும் வந்தன. விடுப்பும் வாகனமும் உள்ள நாட்டின் நிலை இது. ஒரு நாள் கூலியை இழந்து, காட்டுச்சாலையில் பேருந்து பிடித்து, மற்ற பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டிய நாட்றாம்பாளையத்துத் தாய்க்கு, கூலி இழப்பீடும் பயணச்செலவும் இல்லாமல் வைக்கப்படும் வகுப்பு அறிவிப்பாக மட்டுமே எஞ்சும். பணிக்காக ஓசூரிலும் பெங்களூருவிலும் தங்கிவிடும் தந்தையரை எட்ட, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு நாளுமில்லை.

இந்தியாவில் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் இயங்கும் ஜன ஸ்வாஸ்திய சகயோக், நீண்டகால நோயுள்ளோரைக் கிராமந்தோறும் நோய்வாரிக் குழுக்களாகக் கூட்டி, ஒருவருக்கொருவர் ஆசானாகவும் துணையாகவும் இருக்கச் செய்துவருகிறது. அங்கு வருவோரில் பழங்குடியினரும் தலித்துகளும் ஏராளம். கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு இயக்கம் 'மிட்டாய்' என்ற பெயரில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்துகிறது. இன்சுலினோடும் கருவிகளோடும் பெற்றோருக்கான பயிற்சியும் அதில் அடக்கம். கோவையில் மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய இதயங்கள் அறக்கட்டளை, ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலினும் பயிற்சியும் சேர்த்தே அளிக்கிறது. அறக்கட்டளைகளின் பணியை மதிக்கிறோம். எனினும் உரிமை என்பது ஒரு நல்ல மனிதரின் முகவரியைத் தெரிந்திருப்பதைப் பொறுத்து அமையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 சூனில் வெளியிட்ட முதல் வகை நீரிழிவு வழிகாட்டுதல்களும், நோயாளிக்கும் குடும்பத்துக்குமான கல்வியைச் சிகிச்சையின் அங்கமாகவே கொள்கின்றன.

வகுப்பறைக்குள் நுழையும் சாதி

இங்கேதான் நலவாழ்வுத் துறையின் ஆவணங்கள் பேசாத பகுதி தொடங்குகிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் குழந்தைகளைச் சந்தித்துச் சங்கமித்ரா ஆச்சார்யா மேற்கொண்ட ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து கொடுக்கும்போதும் பரிசோதனை செய்யும்போதும் பாகுபாடு மிகுதி என்பதை அக்குழந்தைகள் கூறினர். தொடாமல் மருந்தைப் போடுவது, தள்ளி நின்று பேசுவது, காக்க வைப்பது. இந்நோயில் கற்பித்தல் என்பதே தொடுதல்தான். விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். வயிற்றையும் தொடையையும் தடவிக் கட்டி பார்க்க வேண்டும். கையைப் பிடித்து ஊசியின் கோணத்தைத் திருத்த வேண்டும். தொடத் தயங்கும் கை கற்பிக்காது.

குழுவாக அமர்த்துவதும் அப்படியே. ஊர்த்தெருவின் தாயும் தலித் குடியிருப்பின் தாயும் ஒரே பாயில் அமர்வார்களா, தாழ்சர்க்கரைக்குக் கரைக்கும் சர்க்கரை நீர் ஒரே குடத்திலிருந்து மொள்ளப்படுமா, செய்முறைக்காகச் சமைத்த உணவை யார் சமைத்தார் என்று யாரேனும் கேட்பார்களா? வகுப்பை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. கோயில் மண்டபத்திலோ சாதிச் சங்கக் கட்டடத்திலோ வைத்தால் யார் வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், வட்டார மருத்துவமனை ஆகியவையே பொருத்தமான இடங்கள். அங்கும் இருக்கைகளை வட்டமாகப் போடுவது வேடிக்கையான யோசனையாகத் தோன்றலாம். பின்வரிசை என்ற ஒன்று இல்லாமற்போகும் என்பதே அதன் பயன்.

உணவுப் பட்டியலைப் பாருங்கள். மருத்துவமனைகளில் கையளிக்கப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் இட்லி, சப்பாத்தி, பால், பாதாம் என்று ஒரு வகுப்பாரின் சமையலறையை அனைவருடையதாகக் காட்டுகின்றன. நாட்றாம்பாளையப் பகுதியின் களிக்கு அதில் இடமிருந்தாலும், 'கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது' என்ற தவறான நம்பிக்கையோடுதான் இருக்கிறது. கேழ்வரகு மாவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாவுச்சத்து. ஓர் உருண்டைக் களிக்கு உரிய இன்சுலின் போட்டாக வேண்டும். மாட்டிறைச்சியோ பட்டியலில் இல்லவே இல்லை. அதில் மாவுச்சத்து கிடையாது. வளரும் குழந்தைக்கு மலிவான புரதம். அதைச் சாப்பிடுகிறோம் என்று மருத்துவப் பணியாளர் முன் சொல்லக் கூசும் தாய், குழந்தை உண்பதைப் பற்றிப் பொய் சொல்ல நேர்கிறது. பொய்யான உணவுக் கணக்கின் மீது போடப்படும் இன்சுலின் கணக்கும் பொய்யாகிறது. தீட்டுக் கருத்து ஓர் ஊசியின் அளவைப் பிழையாக்கும் வழி இதுதான்.

பெண் குழந்தைகளின் நிலை தனித்துப் பேசத்தக்கது. திருமணம் தடைபடும் என்றஞ்சி நோயை மறைப்பதும், மறைக்க வேண்டிப் பள்ளியில் மதிய ஊசியைத் தவிர்ப்பதும் எல்லாச் சாதிகளிலும் உண்டு. குழு வகுப்பு அந்த மறைவைக் கலைக்கக்கூடும் என்பதால் சில குடும்பங்கள் சொந்த ஊருக்கு அருகில் வர மறுக்கலாம். அவர்களைக் குறைகூறாமல் வேறு வட்டத்தின் வகுப்புக்கு வர வழிசெய்வதே முறை.

கற்பிப்பவர் யார் என்பதற்கு அண்டை மாவட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தருமபுரியின் சிட்லிங்கி மலைப்பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் தொடங்கிய பழங்குடி நலவாழ்வு முயற்சி, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத பழங்குடிப் பெண்களையே நலவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தின் பெண் தன்னார்வலர்களுக்கு இப்பயிற்சியை நீட்டிக்கலாம். இந்நோயோடு வளர்ந்து இன்று கல்லூரியில் பயிலும் தலித், பழங்குடி இளைஞர்களை ஊதியத்துடன் கல்வியாளர்களாக அமர்த்தலாம். இலவசச் சேவை என்ற பெயரில் நம் பிள்ளைகளின் உழைப்பை மீண்டும் ஊதியமில்லாததாக்க நாம் ஒப்பவில்லை.

பள்ளியும் விடுதியும் சட்டமும்

குழந்தை நாளின் பெரும்பகுதியைப் பள்ளியில் கழிக்கிறது. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வறைக்குத் தின்பண்டமும் மாத்திரையும் கொண்டுவர அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பு நேரத்திலும் ஊசி போடவும் சர்க்கரை பார்க்கவும் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது; உத்தரப் பிரதேச அரசு அதையொட்டி ஆணையும் பிறப்பித்தது. கடிதம் வேறு, பழக்கம் வேறு. ஊசியோடு வரும் தலித் மாணவனை ஓர் ஆசிரியர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே குழு வகுப்பில் ஒரு நாள் அக்குழந்தையின் வகுப்பாசிரியரும் சத்துணவு, காலை உணவுப் பணியாளர்களும் அமர வேண்டும். உப்புமா எத்தனை கரண்டி பரிமாறப்படுகிறது என்பதை அறிந்தவர் அவர்களே.

விடுதிகள் இன்னும் கவலைக்குரியவை. 2025இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றப்பட்டவற்றில் ஆதிதிராவிடர் நல விடுதிகளும் உண்டு. மலையூர்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளின் ஒரே வழி பெரும்பாலும் அவைதான். இரவில் காப்பாளர் இல்லாத விடுதியில், தாழ்சர்க்கரையை அடையாளம் காணத் தெரியாத அறைத்தோழர்களிடையே, இக்குழந்தை எப்படித் தங்கும்? இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் அதன் படிப்பே நிற்கிறது. காப்பாளருக்கும் சமையலருக்கும் அறைத்தோழர் இருவருக்கும் பயிற்சி, பூட்டப்படாத இடத்தில் சர்க்கரைப் பொட்டலம், இன்சுலினுக்கு ஒரு குளிர்ப்பெட்டி என்பவை பெரிய செலவுகள் அல்ல.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியாவும் ஹீமோபிலியாவும் அரிவாள் செல் நோயும் அதில் உள்ளன. முதல் வகை நீரிழிவு இல்லை. இருந்திருந்தால் பயணச்சலுகையையும் தேர்வில் கூடுதல் நேரத்தையும் கேட்க ஒரு சட்டப்பிடி கிடைத்திருக்கும். மறுபுறம், 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், அம்மக்களுக்கென ஒதுக்கும் நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்ற கடமையை விதிக்கிறது. அந்நிதியிலிருந்து வட்டந்தோறும் பயிற்சி பெற்ற கல்வியாளர் ஒருவருக்கு ஊதியமும், வகுப்புக்கு வரும் குடும்பங்களுக்குக் கூலி இழப்பீடும், நாளொன்றுக்கு நான்கு முறை சர்க்கரை பார்க்கப் போதுமான பரிசோதனைப் பட்டைகளும் கேட்பது நியாயமான கோரிக்கை. பட்டை இல்லாமல் கல்வி மட்டும் கொடுத்தால், அளவுகோல் இல்லாமல் தச்சு வேலை கற்பித்த கதையாகும்.

கல்லூரி மாணவர்கள் நாளையே தொடங்கத்தக்க பணி ஒன்றுண்டு. இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1990களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திய குழந்தை திடீரென மீண்டும் கழிக்கத் தொடங்கினால், அது நீரிழிவாக இருக்கலாம் என்பதே அதன் செய்தி. 1991 முதல் 1997 வரை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட பள்ளிவயதுக் குழந்தைகளுள் கீட்டோன் நஞ்சான நிலையில் வந்தோர் அங்கு 12.5 சதவீதம். பிரசாரம் நடவாத அண்டை மாகாணங்கள் இரண்டில் அது 83 சதவீதம். நம் பகுதியில் அதே நிலை வயிற்றுவலி என்றும் நிமோனியா என்றும், சில வேளை பேய் பிடித்தது என்றும் பெயர் பெறக்கூடும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உண்டும் மெலிதல், மூச்சில் பழ வாசனை ஆகிய அறிகுறிகளைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் படங்களோடு அச்சிட்டு, அஞ்செட்டி வட்டத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒட்டலாம். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் விடை தெரியும் என்பதையும், காய்ச்சலென்று வரும் மெலிந்த குழந்தைக்கு அச்சோதனையைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை என்பதையும் அதன் அடியில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.